திரமென்ஹீர்: மாற்றலாகி வந்த ஆட்சியர்

புதிதாக மாற்றலாகி வரும் அதிகாரிக்கு ஊரை விளக்குபவர்கள் அன்று கர்ணமும் மிராசுதாரரும்தான். செங்கல்பட்டுப் பொறுப்பு ஆட்சியராகவும் மாவட்ட நடுவராகக் காவல்துறையை மேற்பார்த்தவராகவும் இருந்த ஜே.எச்.ஏ. திரமென்ஹீர் அவ்விளக்கத்தோடு நிற்கவில்லை. பறையர் மக்களுக்குக் குடிசை மனைகூடச் சொந்தமில்லை, தரிசு கேட்டு மனுச் செய்தால் மிராசுதாரருக்கே முன்னுரிமை என 1891-இல் விரிவாக அறிக்கை எழுதினார். வருவாய் வாரியத்துக்கு அது கசந்தது. ஆயினும் 1892 செப்டம்பர் 30 அன்று வெளியான அரசாணை 1010-இலிருந்தே பஞ்சமி நிலத்தின் வரலாறு தொடங்குகிறது.

ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அவரது மாவட்டத்தில்தான் இருந்தன. இன்று அங்கே தொழிற்சாலை மதிலை ஒட்டிய நிலத்துக்குப் பழைய ‘அ’ பதிவேட்டு நகலோடு நாம் காவல் நிலையம் செல்கிறோம்; புதிதாக வந்த ஆய்வாளரை நமக்கு முன்பே நிலத் தரகர் சந்தித்துவிடுகிறார்.