ரிச்சர்ட் ஹாட்ஜ்சன்

ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் (செப்டம்பர் 24, 1855 - டிசம்பர் 20, 1905) ஆஸ்திரேலியாவில் பிறந்த ஆய்வாளர் ஆவார். ஆவியுலகத் தொடர்பு, தொலைவிலுணர்தல் போன்றவை பற்றிய கூற்றுகளை ஆராய்ந்தார். சென்னை அடையாற்றில் இவர் நடத்திய விசாரணை பெரும் சர்ச்சைக்குள்ளானது. நேரில் கண்டவர் சாட்சியத்தின் நம்பகத்தன்மையைச் சோதனை மூலம் ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர்.

இளமை

மெல்பேர்ண் நகரில் பிறந்த இவர் அங்கேயே சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் கேம்பிரிட்ஜில் ஹென்றி சிட்ஜ்விக்கிடம் தத்துவம் பயின்றார். சிட்ஜ்விக்கைத் தலைவராகக் கொண்டு 1882 இல் இலண்டனில் தொடங்கப்பட்ட உளநிகழ்வு ஆய்வுச் சங்கமே இவரைச் சென்னைக்கு அனுப்பியது.

அடையாறு விசாரணை

பிரம்மஞான சபையின் தலைமையகம் 1882 டிசம்பரில் பம்பாயிலிருந்து அடையாற்றுக்கு மாற்றப்பட்டது. அங்கு பிளவாட்ஸ்கி அம்மையாரின் அறையை ஒட்டியிருந்த மரப்பேழையில் மகாத்மாக்களின் கடிதங்கள் தாமாகத் தோன்றுவதாகப் பலர் சாட்சி கூறினர். சபையிலிருந்து நீக்கப்பட்ட கூலோம் தம்பதியர் அளித்த கடிதங்களைச் சென்னைக் கிறித்துவக் கல்லூரி இதழ் 1884 செப்டம்பரில் வெளியிட்டது. அவை உண்மையாயின் நடந்தவை யாவும் மோசடியே.

டிசம்பரில் ஹாட்ஜ்சன் அடையாறு வந்தபோது பேழை அழிக்கப்பட்டுவிட்டது. எனவே அறையை ஆராய்ந்தும், சாட்சிகளை விசாரித்து அவர்தம் கூற்றுகளை ஒப்பிட்டும் முடிவுக்கு வர வேண்டியதாயிற்று. மனமாரப் பொய் சொல்லாதவர்களின் கூற்றுகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. இலண்டனில் கையெழுத்து நிபுணர் நெதர்கிளிஃப்ட் தாம் முதலில் கூறிய கருத்தைப் பின்னர் மாற்றிக்கொண்டார் என்பதும் குறிப்பிடத்தக்கது. 1885 டிசம்பரில் வெளியான அறிக்கை அம்மையாரை ஏமாற்றுக்காரர் என்றது. அதற்கு முன்பே, மார்ச் இறுதியில், சென்னையை விட்டுச் சென்ற அம்மையார் மீண்டும் இந்தியா திரும்பவில்லை.

டேவியுடன் சோதனை

சிலேட்டுப் பலகையில் ஆவிகள் எழுதுவதாகக் காட்டும் வித்தையைக் கற்றிருந்த எஸ். ஜே. டேவி, அதைப் பலர் முன் நிகழ்த்தினார். பார்த்தவர்கள் தாம் கண்டதை எழுதித் தந்தனர். உண்மையில் நடந்தவற்றுடன் ஒப்பிட்டபோது, முக்கியச் செயல்களை அவர்கள் விட்டுவிட்டதும், நிகழ்ச்சிகளின் வரிசையை மாற்றி எழுதியதும் தெரியவந்தன. 1887 இல் வெளியான இக்கட்டுரையே ஹாட்ஜ்சனின் சிறந்த பணி எனலாம். கூர்தலறம் கண்ட ஆல்ஃபிரட் ரசல் வாலசு இதை ஏற்கவில்லை. டேவிக்கு உண்மையிலேயே ஆவித்தொடர்பு இருந்திருக்க வேண்டும் என வாதிட்டார்!

பாஸ்டனில்

1887 இல் பாஸ்டன் சென்று அமெரிக்கச் சங்கத்தின் செயலாளரானார். லியோனோரா பைப்பர் என்ற ஆவி ஊடகரைத் துப்பறிவாளர் மூலம் கண்காணித்தார். அவரிடம் வருவோர் பெயரை மறைத்தே அறிமுகம் செய்தார். இத்தனைக்கும் பின், இறந்தோர் பைப்பர் வழியே பேசுவதாக இவரே நம்பத் தொடங்கினார். கைப்பந்து விளையாடும்போது மாரடைப்பால் காலமானார்.

விமர்சனம்

அடையாற்றில் தகவல் திரட்டியவரும் அவற்றை மதிப்பிட்டவரும் பெரும்பாலும் ஹாட்ஜ்சன் ஒருவரே. தற்கால உளவியலில் ஒரே தரவை இருவர் தனித்தனியே மதிப்பிட்டு, முடிவுகள் எந்த அளவு ஒத்துப்போகின்றன எனப் பார்ப்பது வழக்கம். 1986 இல் அதே சங்கத்தின் இதழில் எழுதிய வெர்னான் ஹாரிசன், ஹாட்ஜ்சன் தம் முடிவுக்குச் சாதகமான சான்றுகளையே பெரிதுபடுத்தினார் எனக் குற்றஞ்சாட்டினார். ஆயினும் அம்மையார் குற்றமற்றவர் என்பது இதனால் நிறுவப்பட்டதாகாது.