டானியல் வெசன்: உருளையில் பொறித்த ஒரு திகதி

பழைய சிறிய ரிவோல்வர்களைச் சேகரிப்போர் முதலில் தேடும் பெயர்களில் ஒன்று ஸ்மித் அன்ட் வெசன். அதன் பின்பாதிக்கு உரியவரான டானியல் வெசன் 1825 மே 18 இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டரில் பிறந்தார். துப்பாக்கி செய்யும் அண்ணன் எட்வினிடம் தொழில் பழகினார். 1849 இல் அண்ணன் இறந்தபோது மிஞ்சியது கடன்தான். 1852 இல் ஹொரஸ் ஸ்மித்துடன் கூட்டாகத் தொடங்கிய தொழிலும் 1855 இல் கைமாறிப் போனது.

அக்கால ரிவோல்வர்களில் மருந்தையும் குண்டையும் உருளையின் முன்புறமாக இட்டு இறுக்க வேண்டும். இரண்டையும் உலோகக் கோதுக்குள் அடைத்த தோட்டாவைப் பின்புறமாக இடுவதே வெசனின் எண்ணம். அதற்கு உருளை முழுவதும் துளைபட்டிருக்க வேண்டும். அந்த முறைக்கான காப்புரிமையை 1855 ஏப்ரல் 3 இல் ரொலின் வைட் என்பவர் பெற்றிருந்தார்.

1856 இல் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ரிவோல்வர் ஒன்றுக்கு வைட்டுக்கு 25 சதம். ஆனால் உரிமையை மீறுவோர்மீது வழக்காடும் பொறுப்பும் செலவும் அவருடையவை.

1857 இல் வந்தது முதலாம் இலக்க ரிவோல்வர். ஏழு சிறிய தோட்டாக்கள் கொள்ளும். குழல் மேல்நோக்கி மடங்கும். இதில் மூன்று வகை உண்டு. முதல் வகையின் பக்கத்தகடு சிறியது, வட்டமானது. இரண்டாவதில் அது பெரிதாகி வட்டம் இழந்தது. 1868 இல் வந்த மூன்றாவதில் குழல் உருண்டது, உருளையில் பள்ளங்கள், கைப்பிடி பறவைத் தலைபோல் வளைந்தது. கைப்பிடியின் அடியில் தொடரிலக்கம் இருக்கும். புதிதாக நிக்கல் பூசியது பளபளக்கும். சேகரிப்போரிடம் மதிப்பு இழக்கும். வழக்கில் தோற்ற சில போட்டியாளர்களின் ரிவோல்வர்களில், ஸ்மித் அன்ட் வெசனுக்காகச் செய்யப்பட்டது என்ற முத்திரையும் உண்டு.

அந்த வழக்குகள் வைட்டின் வருமானத்தைத் தின்றன. 1869 இல் காப்புரிமை முடிந்தது. அதை நீடிக்கும் சட்டமூலத்தை 1870 இல் ஜனாதிபதி கிராண்ட் நிராகரித்தார். வெசனோ பெருஞ்செல்வராகி 1906 இல் மறைந்தார். ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் அவர் பணத்தில் எழுந்த மருத்துவமனை அவர் பெயரையே தாங்கியது.

அந்தச் சிறிய உருளையில் வைட்டின் பெயர் இல்லை. 1855 ஏப்ரல் 3 என்ற திகதி மட்டும் இருக்கிறது. அது யாருடைய நாள் என்பதைத் தெரிந்து வாசிப்பவருக்கே அந்த இரும்பின் முழுக் கதையும் கிடைக்கும்.