கூடைப்பந்து தந்த பெருந்தகை

மாலை வேளையில் நம் குடியிருப்புத் திடலில் சிறுவர் சிறுமியர் கூடைப்பந்தாடும் ஆரவாரத்தைக் கேளாதார் இலர். தாய்மொழியால் வேறுபட்ட பிள்ளைகள் ஒரே வளையத்தை நோக்கிக் கைகளை உயர்த்தும் காட்சி கண்ணுக்கு விருந்தாகும். அவ்விளையாட்டை உலகிற்கு அளித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தின் வாழ்க்கையை நம் இளைஞர் அறிதல் நன்று.

கனடா நாட்டின் ஆல்மான்ட் என்னும் சிற்றூரையடுத்து 1861-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். 1870-இல் டைபாய்டு சுரம் தாய் தந்தை இருவரையும் கொண்டுபோயிற்று. தாய்மாமன் ஆதரவில் வளர்ந்த அச்சிறுவன், தோழர்களோடு கல்லாட்டம் ஒன்று ஆடுவான். பெரும்பாறையின் மீது வைத்த சிறு கல்லைத் தொலைவில் நின்று எறிந்து வீழ்த்தவேண்டும். வலிமையெல்லாம் கூட்டி எறிந்தவனது கல், குறி தவறினால் நெடுந்தூரம் ஓடிவிடும். அதனை மீட்டு வருமுன் காவல் நிற்பவன் அவனைத் தொட்டுவிடுவான். மெல்ல வளைத்தெறிந்தவனே பெரும்பாலும் பிழைத்தான்.

அந்த நினைவு பின்னாளில் பயன்பட்டது. 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியராக அவர் விளங்கினார். பனிக்காலத்தில் கூடத்திற்குள் ஆடத்தக்க புதிய விளையாட்டொன்றை வகுக்குமாறு உடற்பயிற்சித் துறைத் தலைவர் கூலிக் பணித்தார். காற்பந்தை உள்ளே ஆடினால் கைகால் முறியும். பந்தோடு ஓடுவதைத் தடுத்தால் பாய்ந்து வீழ்த்துவதற்கு இடமிராது. குறியைத் தலைக்கு மேலே உயர்த்தினால் முரட்டு எறிதலுக்குப் பயனிராது என்று அவர் எண்ணினார். பீச்சுப் பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் அறைந்து, 13 விதிகளை எழுதி ஒட்டினார். பிடித்தல், தள்ளுதல், இடறிவிடுதல் யாவும் குற்றமாயின. மாணவர் 18 பேர் அணிக்கு ஒன்பதின்மராக ஆடினர். விழுந்தது ஒரே கூடை!

அவ்விளையாட்டு விரைவில் கடல் கடந்தது. சென்னையில் 1920-இல் உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய ஹாரி பக், அதே ஸ்பிரிங்பீல்டில் பயின்றவரே.

நெய்ஸ்மித் 1898 முதல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அங்கு அவர் பயிற்றிய அணி 55 ஆட்டங்களில் வென்று 60-இல் தோற்றது. தாம் படைத்த ஆட்டத்திலேயே தோல்வி மிகுந்ததற்கு அவர் நாணவில்லை. மாணவரின் உடல்நலமும் ஒழுக்கமுமே அவருக்குப் பெரிதாயின. 1933-இல் ஜான் மெக்லெண்டன் என்னும் கறுப்பின இளைஞர் அங்கு வந்து சேர்ந்தார். நிறவேற்றுமையால் அணியில் அவருக்கு இடமில்லை. நெய்ஸ்மித் அவரைத் தம் மாணவராக ஏற்றுக் கலையைக் கற்பித்தார். அவ்விளைஞர் பின்னர்ப் புகழ்பெற்ற பயிற்சியாளரானார்.

1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து இடம்பெற்றபோது முதியவர் அதனை நேரிற் கண்டார். 1939-இல் மறைந்தார். அவ்விளையாட்டால் அவர் செல்வம் சேர்க்கவில்லை.

பெற்றோர்களே! திடலிலிருந்து திரும்பும் பிள்ளையிடம் எத்தனை கூடை போட்டாய் என்று கேட்குமுன், விழுந்தவனுக்குக் கைகொடுத்தாயா என்று கேளுங்கள். ஆடத் தெரியாமல் ஓரமாய் நின்ற பிள்ளையையும் அழைத்தீர்களா என்று வினவுங்கள். நெய்ஸ்மித்திற்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.