அன்னை ஹலீமா (ரலி)

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் செல்லும் வழியில் இருபுறமும் கரிசல் காடுதான். வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் மழை ஏமாற்றிவிட்டால் பருத்தியும் கம்பும் கருகி, நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். 1703-ல் மறைந்த உமறுப்புலவர் அவர்கள் அடங்கியிருப்பது இந்த எட்டயபுரத்தில்தான். அவர்கள் பாடிய சீறாப்புராணத்தின் விலாதத்துக் காண்டத்தில் அலிமா முலையூட்டுப் படலம் என்றொரு படலம் உண்டு. பஞ்சத்தில் வாடிய ஓர் ஏழைத்தாயின் வரலாற்றை, பஞ்சம் இன்னதென்று அறிந்த சீமையில் வாழ்ந்த புலவர் பாடியிருக்கிறார். அந்தத் தாயின் வாழ்க்கையைத்தான் இப்போது காண்போம்.

ஹலீமா (ரலி) அவர்கள் ஹவாஸின் கோத்திரத்தின் கிளையான பனூ ஸஅத் குலத்தவர். தந்தை அபூ துஐப், கணவர் ஹாரிஸ். ஆடு மாடுகளையும் ஒட்டகங்களையும் நம்பிப் பாலைவெளியில் வாழ்ந்த குடும்பம்.

அக்காலத்தில் மக்கா நகரத்துக் குறைஷிப் பெருங்குடியினரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பிறந்த குழந்தையைச் சில ஆண்டுகள் பாலைவனத்துச் செவிலித்தாய்மாரிடம் ஒப்படைத்து விடுவார்கள். நகரத்தில் யாத்திரிகர் கூட்டமும் நோயும் அதிகம்; வெட்டவெளிக் காற்றில் வளர்ந்தால் உடல் உரம்பெறும், கலப்பில்லாத தூய அரபி நாவில் படியும் என்பது அவர்களின் உறுதியான எண்ணம். குலப்பெருமையை ஓயாமல் பேசிய சீமான்கள், தங்கள் பிள்ளைகளுக்கு நல்ல மொழியும் நல்ல தேகமும் வேண்டுமென்று நாடியது ஏழைகளின் கூடாரத்தை! பாலுக்குக் கூலி பேசுவதை மானமுள்ள பெண்கள் இழிவாக நினைத்தார்கள். ஆகவே குழந்தையின் தந்தை மனமுவந்து தரும் அன்பளிப்பையே அவர்கள் எதிர்பார்த்தார்கள். தந்தை இல்லாத குழந்தையை யார் எடுப்பார்கள்?

யானை ஆண்டு எனப்படும் கி.பி. 570-ஐ ஒட்டிய காலம். பனூ ஸஅத் பகுதியில் கடும் வறட்சி. ஹலீமா அவர்கள் கணவரோடும் கைக்குழந்தையோடும் மற்றப் பெண்களுடன் மக்காவுக்குப் புறப்பட்டார்கள். ஏறிவந்த கழுதை மெலிந்து, கூட்டத்தைப் பின்தங்க வைத்தது. கூடவந்த கிழட்டு ஒட்டகத்திடம் ஒரு சொட்டுப் பால் இல்லை. தாயின் மார்பிலும் போதிய பால் இல்லாததால், பசியால் அழும் குழந்தை இரவெல்லாம் யாரையும் உறங்க விடவில்லை.

மக்காவில் ஆமினா அம்மையாரின் அருமைக் குழந்தையை வந்த பெண்கள் அனைவரிடமும் காட்டினார்கள். அநாதை என்று கேட்டதுமே ஒவ்வொருவரும் விலகிக் கொண்டார்கள். பாட்டனார் அப்துல் முத்தலிப் நகரத்தின் தலைவர்களில் ஒருவர்தாம். ஆனாலும் பாட்டனார் என்ன செய்துவிடப் போகிறார் என்பது அவர்களின் கணக்கு. ஹலீமா அவர்களும் முதலில் அப்படியே தயங்கியவர்கள்தாம். இதை மறைக்காமல் அவர்களே சொன்னதாக வரலாறு கூறுகிறது; அந்த உண்மை நம்மை நெகிழச் செய்கிறது. வேறு குழந்தை கிடைக்காமல், வெறுங்கையோடு திரும்ப மனமின்றிக் கணவரிடம் கேட்டார்கள். அவரும், இதில் அல்லாஹ் நமக்கு பரக்கத் வைத்திருக்கக் கூடும் என்று இசைந்தார்.

மடியில் எடுத்து அணைத்ததுமே மார்பில் பால் சுரந்தது. நாயகம் (ஸல்) அவர்களும் பால் சகோதரரும் வயிறார உண்டு உறங்கினார்கள். ஒட்டகத்தின் மடியும் நிறைந்திருந்தது. திரும்பும் வழியில் அதே கழுதை கூட்டத்தை முந்திச் சென்றது. இரண்டாண்டுகளில் பால்குடி மறக்கச் செய்து தாயாரிடம் அழைத்து வந்தார்கள். பிரிய மனமில்லை. மக்காவில் நோய் பரவியிருப்பதைச் சொல்லி, மீண்டும் வேண்டிப் பெற்றுச் சென்றார்கள். நெஞ்சு பிளக்கப்பட்ட அதிசய நிகழ்ச்சிக்குப்பின் அஞ்சி, ஒப்படைத்து விட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஆறு வயதானபோது ஆமினா அம்மையார் அப்வாவில் மறைந்தார்கள். பிறகு வளர்த்துப் பேணியவர் உம்மு அய்மன் (ரலி) என்ற அடிமைப் பெண்மணி என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

ஆண்டுகள் பல சென்றன. கதீஜா நாயகியாரை நாயகம் (ஸல்) அவர்கள் மணந்தபின், மற்றொரு பஞ்சத்தில் ஹலீமா அவர்கள் மக்கா வந்தார்கள். நாற்பது ஆடுகளும் ஓர் ஒட்டகமும் கொடுத்து அனுப்பினார்கள் கதீஜா நாயகியார்.

பாலூட்டிய உறவு வெறும் நன்றியுறவு அல்ல. சூரத்துன்னிஸாவின் 23-ஆம் வசனம் பால்தாயையும் பால் சகோதரியையும் மணக்கத் தகாதவர்களின் வரிசையில் சேர்த்திருக்கிறது. ஹம்ஸா (ரலி) அவர்கள் நாயகத்தின் சிறிய தந்தை, பால் சகோதரரும்கூட. அதனால் அவர்களுடைய மகளை நாயகம் மணக்கவில்லை. நம் பகுதியில் பருத்தி எடுக்கப் போகும் தாய்மார், வேப்பமரத்துத் தொட்டிலில் அழும் அடுத்தவள் பிள்ளைக்கு அமர்த்திப் பால் கொடுப்பதுண்டு. எத்தனை முறை கொடுத்தால் உறவு ஏற்படும் என்பதில் மத்ஹபுகளில் வேறுபாடு உண்டு: ஷாஃபிஈயில் ஐந்து முறை, ஹனஃபியில் ஒருமுறையே போதும். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதை வீட்டுப் பெரியவர்கள் மறவாமல் சொல்லி வைக்காவிட்டால், இருபது ஆண்டு கழித்து நிக்காஹ் பேசும்போது சங்கடம். பாலூட்டாமல் எடுத்து வளர்த்த பிள்ளைக்கோ இந்தச் சட்டம் இல்லை. பெற்ற தந்தையின் பெயராலேயே அது அழைக்கப்பட வேண்டும்.

ஹிஜ்ரி 8-ல் (கி.பி. 630) ஹுனைன் போர் நடந்தது. எதிரிகள் ஹவாஸின் கோத்திரத்தார். ஹலீமா அவர்களின் சொந்த மக்கள். ஆறாயிரம் பேர் கைதிகளாயினர். அவர்களில் ஒரு மூதாட்டி, தாம் உங்கள் தலைவரின் சகோதரி என்றார். படைவீரர்கள் நம்பவில்லை. நாயகத்திடம் அழைத்து வந்தபோது, குழந்தைப் பருவத்தில் நாயகம் கடித்த தழும்பைக் காட்டினார். ஹலீமா அவர்களின் மகள் ஷைமா! தம் போர்வையை விரித்து அதில் அமர்த்தினார்கள் நாயகம் (ஸல்) அவர்கள்.

ஹவாஸின் தூதுக்குழுவும் வந்தது. பட்டியில் அடைபட்டிருப்பவர்கள் உங்கள் பால்வழிச் சிறிய தாய்மார்களும் அத்தைமார்களும் என்று அவர்கள் முறையிட்டார்கள். பொருளா, மனிதர்களா என்று கேட்கப்பட்டபோது மனிதர்களையே கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தமக்கும் அப்துல் முத்தலிப் குடும்பத்தாருக்கும் உரிய பங்கை முதலில் விட்டுக் கொடுத்தார்கள். முஹாஜிர்களும் அன்ஸாரிகளும் தொடர்ந்தார்கள். தயங்கிய சிலருக்கு வருங்காலப் பங்கிலிருந்து ஈடு தருவதாக வாக்களித்து, கைதிகளை விடுவித்தார்கள்.

தம்முடன் தங்குகிறீர்களா, ஊர் திரும்புகிறீர்களா என்று ஷைமாவிடம் கேட்டபோது, அவர் தம் மக்களிடம் திரும்புவதையே விரும்பினார். அன்பளிப்புகளோடு வழியனுப்பப்பட்டு, தாயார் வாழ்ந்த பாலைவெளிக்கே போய்ச் சேர்ந்தார்.