வாய்க்காலை வீதியாக்கிய வக்கீல்

பிராட்வேன்னு சொன்னா நமக்கு பஸ்தான் ஞாபகம் வரும். அந்த வீதி இருக்கிற இடம் ஒரு காலத்தில் சாக்கடை வாய்க்கால் என்பது தெரியுமா?

ஸ்டீபன் பாப்ஹாம் என்ற வெள்ளைக்கார வக்கீல் 1778-ல் மெட்ராஸ் வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கே வக்கீலானார். அப்போது முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நடுவே அந்த வாய்க்கால் ஓடியது. அவர் அந்தப் பள்ளத்தைத் தூர்த்து அகலமான வீதி அமைத்தார். அதுதான் பாப்ஹாம்ஸ் பிராட்வே.

அவர் அதோடு நிற்கவில்லை. நகரத்துக்கு போலீஸ் வேண்டும், தெருவுக்குத் தெரு வடிகால், விளக்கு, பெயர் எல்லாம் வேண்டும் என்று 1782-ல் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். பிறப்பு, இறப்பைப் பதிய வேண்டும் என்பதும் அதில் இருந்தது. பள்ளியில் சேர நாம கொடுத்தோமே பிறப்புச் சான்றிதழ், அதை அப்பவே யோசிச்சிருக்கார்! ஆனா வடிகால்? எங்க தெருவில் இன்னும் வரல. மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கிட்டுதான் பள்ளிக்கு வரேன்.

1795-ல் குதிரை வண்டியிலிருந்து விழுந்து பாப்ஹாம் இறந்தார்.

இப்போது அந்த வீதி பிரகாசம் சாலை. 1928-ல் சைமன் கமிஷனை எதிர்த்து, துப்பாக்கி முன்னால் மார்பைக் காட்டி நின்றவர் பிரகாசம். அவர் பெயர் வைத்தது சரிதான். எங்க ஆயா மட்டும் இன்னும் பிராட்வேன்னுதான் சொல்லுது. பாப்ஹாம் யாருன்னு கேட்டா அதுக்குத் தெரியாது.