சிறைவாசலில் ஒரு நண்பர்



சனவரி 31 அன்று புனித தொன் போஸ்கோவை விழா எடுத்துச் சிறப்பிக்கிறோம். அவருடைய இளையோர் பணிக்குச் சிறையும் ஒரு தொட்டில் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

1815இல் இத்தாலியின் பெக்கி என்னும் சிற்றூரில் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தார் ஜான் போஸ்கோ. இரண்டு வயது நிறையுமுன்பே தந்தையை இழந்தார். தாய் மார்கரீத்தாவின் உழைப்பிலும் செபத்திலும் வளர்ந்து, 1841இல் குருவானார். அவருடைய ஆன்ம வழிகாட்டியான புனித ஜோசப் கஃபாசோ அவரைத் தூரின் நகரச் சிறைகளுக்கு அழைத்துச் சென்றார். அங்கே பன்னிரண்டு வயதுச் சிறுவர்களும் அடைபட்டுக் கிடந்தனர். விடுதலையான சிலர் மீண்டும் அங்கேயே வந்து சேர்ந்தனர். ஏன்? வெளியே அவர்களுக்கென்று அக்கறை கொள்ள ஒருவரும் இல்லை. அந்த ஒருவராகத் தாம் இருக்க அவர் முடிவெடுத்தார்.

1846இல் வால்டோக்கோ பகுதியில் ஒரு கொட்டகையில் சிறுவர்களைக் கூட்டினார். விளையாட்டு, மறைக்கல்வி, உணவு, உறைவிடம், தொழில் என அப்பணி வளர்ந்தது. வேலைக்குச் சேர்த்த சிறுவர்களுக்காக முதலாளிகளோடு எழுத்து ஒப்பந்தம் செய்தார். அடிக்கக் கூடாது, ஞாயிறு ஓய்வு வேண்டும் என்பவை அதில் இருந்தன. 1857இல் கார்மஞோலா இரயில் நிலையத்தில், தெருச் சிறுவர்களுக்குத் தலைவனாய்த் திரிந்த மிக்கேல் மகோனே என்ற தந்தையற்ற சிறுவனைச் சந்தித்தார். அவனைக் கண்டித்து விரட்டாமல் பேச்சுக் கொடுத்தார். தம் இல்லத்தில் சேர்த்துப் படிக்க வைத்தார்.

தடுத்துக் காக்கும் தம் கல்விமுறையை 1877இல் எழுதி வைத்தார். தவறு செய்தவனைப் பலர் முன் அவமானப்படுத்தாமல், தனியே அழைத்து, உணர வைத்து, மன்னிப்பதே அவர் வழி. 1888இல் அவர் இறைவனடி சேர்ந்தார். அவருடைய சலேசிய சபையினர் 1906இல் தஞ்சாவூருக்கு வந்து இப்பணியை நம் மண்ணிலும் தொடங்கினர்.

நம் தெருவில் ஒரு சிறுவன் திருடினால் நாம் என்ன செய்கிறோம்? கட்டி வைத்து அடிப்பதா, திருடன் என்று பெயர் சூட்டுவதா? பொருளை இழந்தவருக்கும் நீதி வேண்டும். சக்கேயு மனம் மாறியதோடு நிற்கவில்லை. ஏமாற்றியதைத் திருப்பிக் கொடுக்கவும் முன்வந்தார். சிறு குற்றங்களில் இரு தரப்பினரையும் பெற்றோரையும் அமர்த்திப் பேசி, இழப்பை ஈடு செய்யவும், அவன் பள்ளிக்கோ தொழிலுக்கோ திரும்பவும் வழிசெய்ய நம் அன்பியங்களால் முடியும்.

நம் பங்கில் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறானா? இந்த வாரமே அவன் வீட்டு வாசலை மிதிப்போம்.