வேலை போனது, குருவி வழி காட்டியது!

பனியன் பின்னும் திருப்பூரில் நூலின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் தறியும் ஊசியும் இல்லாமல், அலகினாலேயே வீடு பின்னும் தொழிலாளி ஒருவன் உண்டு. அவன்தான் தூக்கணாங்குருவி! அந்தக் குருவியின் குடும்ப ரகசியத்தைக் கண்டுபிடித்தவர், பறவை அறிஞர் சலீம் அலி.

அனாதைச் சிறுவன்

1896-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி பம்பாயில் பிறந்தார் சலீம் அலி. மூன்று வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்தார். மாமா வீட்டில் வளர்ந்தார்.

சிறுவன் கையில் ஒரு விளையாட்டுத் துப்பாக்கி. ஒரு நாள் குருவி ஒன்றைச் சுட்டு வீழ்த்தினான். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன குருவி? மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே செயலாளர் மில்லார்டு, பாடம் செய்து வைத்த பறவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். சிறுவனின் மனம் அன்றே பறவைகளிடம் பறிபோனது!

பட்டம் இல்லை, சம்பளம் இல்லை

பெரியவனானதும் பர்மாவில் குடும்பத் தொழிலைக் கவனித்தார். 1918-ல் தேமினாவை மணந்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அரசாங்க ஆராய்ச்சி வேலை கிடைக்கவில்லை. 1926-ல் பம்பாய் அருங்காட்சியகத்தில் விளக்கவுரையாளர் வேலை கிடைத்தது. விடுப்பு எடுத்து, ஜெர்மனி சென்று பறவை ஆராய்ச்சி கற்றார். 1930-ல் திரும்பி வந்தால், பணம் இல்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள்!

கணவனும் மனைவியும் கிகிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குப் போனார்கள். அங்கே மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேலையற்ற மனிதர் மாதக்கணக்கில் அவற்றைக் கவனித்தார்.

ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டும். பெண் குருவி வந்து பார்க்கும். பிடித்தால்தான் குடித்தனம்! பிறகு ஆண் மீதிக் கூட்டைக் கட்டி முடிக்கும். பெண் முட்டையிட்டதும், இன்னொரு பெண்ணுக்காக அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும். இந்த விந்தையை அவர் எழுதியதும் அறிஞர் உலகம் திரும்பிப் பார்த்தது.

நாடெல்லாம் பயணம்

அதன்பின் சமஸ்தானம் சமஸ்தானமாகச் சென்று பறவைகளைக் கணக்கெடுத்தார். செலவுக்குப் பணம் கொடுத்தால் போதும், சம்பளம் வேண்டாம் என்றார். 1933-ல் திருவாங்கூர், கொச்சிக் காடுகளில் அலைந்தார். தேமினாவும் உடன் சென்றார். 1939-ல் அவர் இறந்தது சலீம் அலிக்குப் பேரிடி. ஆனாலும் பயணம் நிற்கவில்லை.

1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. விடுமுறைக்கு ஊர் சுற்றப் போனவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு பறவைகளைப் பெயர் சொல்லி அடையாளம் கண்டார்கள். கட்ச் உப்புச் சதுப்பில் பூநாரை, பரத்பூர் ஏரியில் கொக்கும் நாரையும், மலைக்காட்டில் இருவாசி என்று இந்த ஒரே நாட்டில் எத்தனை காட்சிகள்!

1976-ல் பத்ம விபூஷண் விருது பெற்றார். தமக்குக் கிடைத்த பெரும் பரிசுப் பணத்தை இயற்கைப் பாதுகாப்புக்கே கொடுத்துவிட்டார். 1987 ஜூன் 20-ந் தேதி, 90-வது வயதில் காலமானார். 1990-ல் கோவையை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரில் பறவை ஆராய்ச்சி மையம் அமைந்தது.

வீட்டருகே குளம்

அவரைப் போல நாடு சுற்ற எல்லோராலும் முடியுமா? திருப்பூர்த் தொழிலாளிக்கு வாரம் ஒரு நாள்தான் ஓய்வு. ஆனால் ஊரை ஒட்டியே நஞ்சராயன் குளம் இருக்கிறது. பறவைகள் சரணாலயமான இது, 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து இங்கே இறங்கியிருக்கிறது!

சாயக் கழிவால் நொய்யல் பட்ட பாடு இந்த ஊருக்குத் தெரியும். இந்தக் குளத்துக்கு அந்தக் கதி நேரக் கூடாது. பறவை பார்க்கப் பட்டம் வேண்டாம், பணம் வேண்டாம். பொறுமை வேண்டும், தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். வேலையிழந்த நாளில் ஒரு மரத்தடியில் நின்ற சலீம் அலியிடம் பொறுமையைத் தவிர வேறென்ன இருந்தது?